நான்கு மில்லிமீட்டர் சாய்ந்த இறகு

அந்த வெள்ளைக் காரின் முதுகில் ஒட்டியிருந்த கம்பெனிச் சின்னமான வெள்ளி இறகு நான்கு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. வலது நுனி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. இடது நுனி மட்டும், பஸ்ஸில் தூங்கிச் சரிந்த தலை மாதிரி கீழே இறங்கியிருந்தது. வண்டி தனியாக நின்றால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரகடத்தில் இருந்த அந்தக் கார் கம்பெனி, தன் ஆட்களை ஏற்றி இறக்கத் தான் செய்த கார்களையே ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்தது. முதல் ஷிஃப்ட் விடும் மூன்று மணிக்கு வாசலில் இருபது வெள்ளைக் கார்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். பத்தொன்பது இறகுகள் நேராக இருக்க, ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

குன்றத்தூருக்குப் போகும் ஆறு பெண்களும் தங்கள் வண்டியைக் கண்டுபிடித்தது அதை வைத்துத்தான். நம்பர் பிளேட்டை யாரும் படிப்பதில்லை. "ஏட்டி, கோண இறகு அந்தா நிக்கு, வா," என்பாள் கவியா. ஆறு பேரும் ஓடிப்போய் ஏறிக்கொள்வார்கள்.

வண்டி விஜயுடையது. பிள்ளைப்பாக்கத்துக்காரன், இருபத்தாறு வயது. சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போன நிலத்தில் அவன் பங்குக்கு வந்தது இந்தக் கார் ஒன்றுதான். அதனால் அதன்மேல் காக்கா உட்கார்ந்தாலும் இறங்கிப்போய் விரட்டுவான். கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினால், சாத்தியவள் குன்றத்தூர் மலை தெரிகிற வரைக்கும் பேச்சு வாங்கவேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வண்டியில் அந்த இறகு மட்டும் அவனுக்குத் தீராத குறை.

கம்பெனியில் இறகு ஒட்டுகிற இடத்தில்தான் அந்த ஆறு பேரில் ஒருத்தியான முத்துச்செல்விக்கு வேலை என்று தெரிந்த நாளிலிருந்து, அவன் அவளிடம் அதைக் கோணலாக ஒட்டியவனைக் கண்டுபிடிக்கும் துப்பறியும் பொறுப்பை ஒப்படைத்திருந்தான்.

"இன்னா சங்கரங்கோயில், ஆளு கெட்ச்சானா?"

"விசாரிச்சிட்டுதான் இருக்கேன்."

"நல்லா விசாரி. அவன் எவனா இருந்தாலும் சரி, அவன் வூட்டுச் செவுத்துல மாட்ற போட்டோ எல்லாம் கோணலா தொங்கணும்."

ஒவ்வொரு வாரமும் அந்த முகம் தெரியாத ஆளுக்கு ஒரு புதுச் சாபம் கிடைக்கும். அவன் வகிடு எடுத்தால் அது காதாண்ட போய் முடியணும். அவன் கல்யாணத்தில் தாலி முடிச்சு முன்பக்கம் விழணும். பெண்கள் சிரித்து ஓய்வார்கள். முத்துச்செல்வியும் சிரிப்பாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

மற்ற ஐந்து பேரையும் அவன் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டான். அவளை மட்டும் அவள் ஊரின் பெயரால் கூப்பிட்டான். அவளும், மற்றவர்கள் வாய் நிறைய 'அண்ணே' போட்டபோது, ஒரு பெயரும் போடாமலே பத்து மாதமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "எப்படிட்டி கூப்பிடாமலே பேசுதே? எனக்கும் சொல்லிக்கொடேன்," என்று ஹாஸ்டலில் கவியா கேட்டாள். முத்துச்செல்வி தலையணையால் அவளை அடித்தாள்.

ஆனால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியதற்குக் காரணம் அது மட்டும் இல்லை. அந்த இறகை ஒட்டியவள் அவள்தான்.

போன வருடம், இரண்டாயிரத்துப் பதினொன்றில், ஆயுத பூஜைக்கு முந்திய நாள். அப்போது அவள் வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அசெம்பிளி லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூஜை. ஆரத்தித் தட்டு வரும் நேரத்தில் எந்த இடத்தில் எந்தக் கார் நிற்கிறதோ அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பது அங்கே வழக்கம். சூப்பர்வைசர் சுப்பிரமணி சார் தட்டோடு வந்தார். அவள் எதிரில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, அதன் பின்கதவின் நட்ட நடுவில், சரியாக இறகு ஒட்டவேண்டிய இடத்தில், பெரிதாகச் சந்தனம் அப்பி அதன்மேல் குங்குமம் வைத்தார். வைத்துவிட்டுப் போயேவிட்டார்.

ஒரு காருக்கு எழுபது நொடி. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கவேண்டும், இறகின் இடத்தைக் காட்டும் அச்சுப் பலகையைத் தொங்கவிடவேண்டும், இறகின் பின்னால் இருக்கும் சிவப்புத் தாளை உரிக்கவேண்டும், ஒட்டி, பத்துவரை எண்ணி அழுத்தவேண்டும். துணியை எடுத்தாள். கை பொட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. இப்போதுதான் வைத்த பொட்டு, இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. அதை எப்படி அழிப்பது? பொட்டை அழிப்பது என்றால் அவள் ஊரில் அது வேறு காரியம். எழுபதில் நாற்பது நொடி அப்படியே போயிற்று. சுற்றிலும் வழிந்திருந்த சந்தனத்தை மட்டும் துணி முனையால் எடுத்துவிட்டு, பொட்டின் மேலேயே இறகை வைத்து அழுத்தினாள். பத்துக்குப் பதில் இருபது எண்ணினாள். அன்றைக்கு இறகு நேராகத்தான் இருந்தது. சோதனையிலும் நேராகத்தான் போயிற்று. கார்களை நிறுத்திவைக்கும் யார்டு வெயிலில் சந்தனம் உள்ளே உலர்ந்து பொடியாகி, இறகைக் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிட்டிருக்கவேண்டும்.

அன்று இரவு தூங்குவதற்கு முன் அந்தக் காரின் சேசிஸ் நம்பரில் கடைசி நாலு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. ஏழு மூன்று ஒன்று ஆறு. எந்தெந்த ஊருக்கோ போகும் கார்கள். கப்பலேறிக் கடல் தாண்டுபவைகூட உண்டு. மொழி தெரியாத ஏதோ ஒரு ஊரில், பனியோ மணலோ பெய்கிற தெருவில், பொட்டை மறைத்துக்கொண்டு அந்தக் கார் நிற்பதாக அவள் நினைத்துக்கொள்வாள். தை மாதம் புது வண்டி என்று விஜய் வந்து நின்றான். ஏறப்போனவள் கதவுத் தூணில் இருந்த சின்னத் தகட்டைப் பார்த்தாள். ஏழு மூன்று ஒன்று ஆறு. கடல் தாண்டவேண்டிய கார் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்து நின்றுவிட்டது.

சொல்லிவிடலாம் என்று பல நாள் நினைத்தாள். ஆனால் முதல் வாரத்தில் சொல்லாததை இரண்டாம் வாரத்தில் சொல்ல முடியவில்லை. பத்து மாதம் சிரித்தபிறகு சொன்னால், சிரித்த சிரிப்பெல்லாம் பொய் என்று ஆகிவிடும்.

அப்புறம் நீலம் புயல் வந்தது. இரண்டு நாள் அடித்த மழையில் இறகின் இடது நுனி வண்டியை விட்டுத் தூக்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை அந்த இடுக்கில் ஒரு புளிய இலை மாட்டியிருந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றான் விஜய், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே. "நாளைக்குத் தண்டலத்துல நிறுத்தப்போறேன். அங்க மெக்கானிக் ஒருத்தன் கீறான். ஸ்க்ரூ டிரைவரை உள்ள உட்டு ஒரு நெம்பு நெம்புனா கையோட வந்துரும். நேரா வெச்சு ஃபெவி குயிக் போட்டு ஒட்டிக்கினு வந்துர்றேன்."

"வேண்டாம்!"

அவள் போட்ட சத்தத்தில் முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவள் விழித்துவிட்டாள்.

"நெம்புனா பெயிண்ட் பேந்துரும்," என்றாள் முத்துச்செல்வி, குரலைத் தணித்துக்கொண்டு. "தகரம் தெரியும். அடுத்த மழைக்குத் துருப் பிடிக்கும். பெறகு முதுகு பூரா பெயிண்ட் அடிக்கணும், என்ன அடிச்சாலும் பழைய வெள்ளை வராது. மெக்கானிக் ஒண்ணும் வேண்டாம். நான் எடுத்து ஒட்டித் தாரேன். ஞாயித்துக்கிழமை."

கண்ணாடியில் அவன் கண்கள் அவளைப் பார்த்தன. "ஒரு கோடு கூட உழாம?"

"ஒரு கோடுகூட விழாது."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இறகை எடுத்தால் அடியில் இருப்பது தெரிந்துவிடும். சந்தனம் உதிர்ந்திருந்தாலும் குங்குமக் கறை அப்படியே இருக்கும். பூஜையின்போது அந்த இடத்தில் நின்றவள் யார் என்று கேட்டால் ஒரே ஒரு பதில்தான். சும்மா இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம், வண்டிதான் தழும்போடு திரிந்திருக்கும். அதை நினைக்க அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கவியாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போனாள். பையில் கவியாவின் ஹேர் டிரையர், மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட், நீலகிரித் தைலம், பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப், இரண்டு பக்கமும் ஒட்டுகிற கறுப்பு டேப், தையல் அளவு நாடா, நகக் கத்தரி. தூண்டில் நரம்பை மட்டும் விஜயிடம் சொல்லியிருந்தாள். ஏரிக்கரையில் மீன் பிடிப்பவர்களிடம் ஒரு முழம் வாங்கி வைத்திருந்தான்.

அவன் அம்மா இந்திராணி வாசலிலேயே நின்றாள். "நீதானா அந்த சங்கரங்கோயிலு? தெனம் உன் பேச்சுத்தான். வா, வா. இன்னாடி இது, ஆஸ்பத்திரி மாதிரி பையி?"

"யம்மா, சும்மா இரு," என்றான் விஜய்.

"நான் இன்னா சொல்லிட்டேன்? பொண்ணு வந்துக்கீது, காப்பி போடவா வேணாமான்னு கேக்க வந்தேன்."

முத்துச்செல்வி முதலில் சோப்புத் தண்ணீரால் பின்கதவைக் கழுவினாள். ஒரு மணல் துகள் இருந்தால்கூட தேய்க்கும்போது கோடு விழும். பிறகு இரண்டு விளக்குகளின் ஓரத்திலிருந்தும் நாடாவால் அளந்து, இறகு எங்கே இருக்கவேண்டுமோ அந்த எல்லையைக் காகித டேப்பால் குறித்தாள். அளவு நாடாவோடு அவள் குனிந்து நிமிர்வதைப் பார்த்த இந்திராணி, "சட்டை தைக்கப்போறாளாடா?" என்று மகனிடம் கேட்டாள்.

ஜன்னல் வழியாக வயர் இழுத்து ஹேர் டிரையரை வைத்தார்கள். வெதுவெதுப்பு ஏறியது. விரல் பொறுக்கிற சூடுதான் அளவு, அதற்குமேல் போனால் பெயிண்ட் தாங்காது. அவள் நரம்பின் இரண்டு முனையையும் விரல்களில் சுற்றிக்கொண்டு, இறகுக்கும் வண்டிக்கும் நடுவில் நுழைத்து, பனங்கிழங்கில் நார் உரிக்கிற பக்குவத்தில் மெல்ல இழுத்து இழுத்து அறுத்தாள். தூக்கியிருந்த நுனி விட்டுக்கொடுத்தது. பாதி வந்தது. நரம்பு நடுவுக்குப் போனபோது டிரையர் மூச்சை நிறுத்திக்கொண்டது.

"கரெண்டு போச்சு," என்றாள் கவியா.

"ரெண்டு மணிக்குத்தானே போவும்!" விஜய் மணிக்கட்டைப் பார்த்தான். மணி ஒன்றரை. "புயலுக்கப்பறம் அவன் இஷ்டம்தான். இனிமே சாயங்காலம்தான் வரும். பாதி வந்துடுச்சே, ஒரே இழுப்பா இழுத்துர்லாமா?"

"தொடாதீங்க!" என்றாள். "ஆறுனா கோந்து இறுகிரும். இழுத்தா பெயிண்டையும் சேத்துக் கூட்டிட்டு வந்துரும்."

அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த பயத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். காக்காவை விரட்டுகிற கோபம் இல்லை அது. ஒரு முழு வயலும் இந்த வெள்ளைத் தகரத்துக்குள் சுருங்கி நிற்கிறது, அதன் தோலை ஒரு பெண் நரம்பால் அறுத்துக்கொண்டிருக்கிறாள். அவன் அவள் கையை நம்பி நின்றான்.

"யம்மா, குளிக்க வெந்நி வச்சிருக்கீங்களா?" என்றாள் முத்துச்செல்வி, உள்ளே எட்டிப் பார்த்து.

"வெந்நியா? எதுக்கு?"

"இறகைக் குளிப்பாட்டத்தான்."

விறகடுப்பில் தண்ணீர் கொதித்தது. இந்திராணி துண்டை நனைத்துப் பிழிந்து, தன் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துக் கொடுத்தாள். கவியா துண்டை இறகின் மேல் வைத்து அணைத்தாள். ஆறியதும் அடுத்த துண்டு. குழந்தைக்குச் சுளுக்கு எடுப்பது மாதிரி இருந்தது காட்சி. மூன்றாவது துண்டில் கோந்து மறுபடி இளகியது. முத்துச்செல்வியின் ஆள்காட்டி விரல்களில் நரம்பு சிவப்பாக வரி போட்டுவிட்டது. ஆறாவது துண்டில் இறகு தானாகக் கழன்று, கீழே ஏந்தியிருந்த விஜயின் கையில் விழுந்தது.

அடியில் கறுப்புக் கோந்து திட்டுத் திட்டாக இருந்தது. நீலகிரித் தைலத்தைத் தொட்டுப் பெருவிரலால் உருட்டி உருட்டி எடுத்தாள். வாசல் முழுவதும் சளி பிடித்த வீட்டின் வாசம். கோந்து உருண்டைகள் ஒவ்வொன்றாக விழ, வெள்ளை தெரிந்தது. ஒரு கோடு இல்லை. விஜய் குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, வெளிச்சத்துக்கு வைத்துப் பார்த்தான். இல்லை. நீளமாக மூச்சு விட்டான்.

அந்த வெள்ளையின் நடுவில் காலணா அளவில் ஒரு சிவப்பு இருந்தது.

"யம்மாடி!" என்றாள் இந்திராணி. "பொட்டுடா!" விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விஜய் பொட்டைப் பார்த்தான், கையில் இருந்த இறகைப் பார்த்தான். "இது எப்பட்றா உள்ள போச்சு?"

முத்துச்செல்வி தைலக் கையைத் துணியில் துடைத்தாள். தேவைக்கு மேல் துடைத்தாள்.

"ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன்," என்றாள்.

"எந்த ஆளை?"

"நீங்க பத்து மாசமாக் கேக்குத ஆளை."

பூஜையைச் சொன்னாள். தட்டைச் சொன்னாள், நாற்பது நொடியைச் சொன்னாள், ஏழு மூன்று ஒன்று ஆறைச் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அழிக்கக் கை வரலே. அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீங்க சிரிக்க வச்சிட்டே இருந்தீங்க, எப்படிச் சொல்ல?"

பின்பக்கம் எங்கோ ஒரு கோழி மட்டும் பேசியது.

"அப்போ," என்றான் விஜய் மெதுவாக, "பத்து மாசமா நான் உன்னையா சாபம் உட்டுக்கினு இருந்தேன்?"

இந்திராணி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "வாயக் கழுவுடா! இன்னா சாபம் உட்ட?"

"செவுத்துப் போட்டோ கோணலாத் தொங்கணும்னு சொன்னாரு," என்று எடுத்துக்கொடுத்தாள் கவியா.

"அத வாபஸ் வாங்கிக்கறேன்."

"தாலி முடிச்சு?"

"அதையும்தான்."

"வகிடு?"

அவன் நிமிர்ந்து முத்துச்செல்வியின் தலையைப் பார்த்தான். "அது நேராத்தான் கீது," என்றான். சொல்லிவிட்டு அவசரமாக இறகை வேட்டித் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

முத்துச்செல்வி ஸ்பிரிட்டில் துணியை நனைத்தாள். இந்தத் தடவை வேலையை ஒழுங்காகச் செய்யவேண்டும். இரண்டு தேய்ப்பில் போய்விடும். துணி பொட்டுக்குப் பக்கத்தில் போனது. போய் நின்றது.

"அழிக்காத," என்றான் விஜய்.

"அழிக்கலேன்னா ஒட்டாது. மறுபடியும் வழுக்கும்."

"வழுக்கட்டும். ஒரு வருசமா ஒரு கீறல் இல்லாம ஓடிக்கினு கீது. பொறக்கும்போதே பொட்டு வெச்சு அனுப்பிக்கிறாங்க, எனக்குத்தான் தெர்ல."

"கோணலா ஒட்டித் தர என்னால முடியாது," என்றாள். அதில் மட்டும் அவள் இறங்கி வருவதாக இல்லை.

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு துணியை மடித்து, பொட்டின் ஓரம்வரை, குங்குமத்தில் படாமல் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். இறகின் முதுகில் கறுப்பு டேப்பை ஒட்டி, நகக் கத்தரியால் நடுவில் ஒரு வட்டம் வெட்டி எடுத்தாள். காலணாவைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். சுற்றிலும் பிடிக்கும், நடுவில் தொடாது. பொட்டுக்கு மட்டும் ஒரு சின்ன அறை. கதவு இல்லாத அறை.

டேப்பின் சிவப்புத் தாளை உரித்தாள். காகித டேப்பின் எல்லைக்குள் இறகை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி வாய்விட்டு எண்ணினாள். ஏழு வந்தபோது இந்திராணியும் சேர்ந்துகொண்டாள். பத்துக்குமேல் முத்துச்செல்வி எண்ணவில்லை.

கவியா காகித டேப்பை உரித்ததும் நால்வரும் பத்தடி தள்ளிப் போய் நின்று பார்த்தார்கள். இறகு நேராக இருந்தது. விஜய் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான். பழக்கத்தில் அவன் தலைதான் கோணியது.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு ஷிஃப்ட் விட்டபோது வாசலில் ஒரே குழப்பம். "கோண இறகைக் காணலியே!" என்று கவியா வரிசையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள். அவளே டேப்பை உரித்தவள், அவளுக்கே மறந்துவிட்டது. நாலு பேர் காஞ்சிபுரம் போகும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு, திட்டு வாங்கி இறங்கினார்கள்.

முத்துச்செல்வி வரிசைக்குப் பின்னால் நின்றாள். இருபது வெள்ளை முதுகுகள், இருபது இறகுகள். எல்லாம் நேராக, எல்லாம் அவள் கையாலோ அவளைப் போன்ற ஒரு கையாலோ ஒட்டியவை. நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். அவளும் இந்தப் பத்து மாதத்தில் அதை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. கதவுத் தகடுகள் கதவுகளுக்குள் இருந்தன. ஒரு நிமிடம் திகைத்தவள், முதல் காரின் அருகே போய் இறகின் நடுவில் நகத்தால் தட்டினாள். கெட்டியான சத்தம். அடுத்தது. அதுவும் கெட்டி. வெளியே நின்ற டிரைவர்கள் பார்த்தார்கள். "இன்னாம்மா, தேங்காயா பாக்கற?" என்றார் ஒருவர். அவள் காதில் வாங்கவில்லை. மூன்று, நான்கு, ஐந்து.

ஒன்பதாவது காரில் சத்தம் மாறியது. உள்ளே யாரோ கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி, லேசான ஒரு டொக்.

அவள் இன்னொரு தடவை தட்டினாள், நிச்சயம் செய்துகொள்ள.

டிரைவர் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. வெளியே ஒரு முழங்கை மட்டும் வந்தது.

"யாரது, என் வண்டியத் தட்றது?"

"நாந்தான்," என்றாள் முத்துச்செல்வி.